ஒரு பஸ்ஸில் ஐந்து வகை போன்

2011-ஆம் வருஷம் நடுவில் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இருக்கும் இடத்தை வைத்து ஆட்களைச் சேர்த்துவைக்கும் ஆப் ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். போனில் அதைத் திறந்தால் நம் வட்டாரத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். நாமும் எழுதலாம், பக்கத்து ஊர்க்காரர் பதில் போடலாம். அதை வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. எனக்குச் சொந்த ஊர் அமிர்தி. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ இருந்தார்கள். அதனால்தான் இந்தப் பக்கத்தை என்னிடம் விட்டார்கள்.

அந்த வருஷங்களில் இந்த மாதிரி ஆப்களின் மேல் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. 2009 பிப்ரவரியில் கூகுள் 'லாட்டிட்யூட்' கொண்டுவந்தது. மார்ச்சில் டென்னிஸ் கிரௌலியும் நவீன் செல்வதுரையும் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் 'ஃபோர்ஸ்கொயர்' ஆப்பை வெளியிட்டார்கள். 2010 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கும் 'பிளேசஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. செல்வதுரை என்ற பெயரைப் பார்த்ததில் எங்கள் ஆபீஸ் பையன்களுக்குத் தனி உற்சாகம். ஃபோர்ஸ்கொயர் முதலில் ஐபோனில் மட்டும்தான் வந்தது, அதுவும் குறிப்பிட்ட சில நகரங்களுக்கு. 2010 ஜனவரியில்தான் உலகத்தில் எந்த இடத்திலிருந்தும் 'செக்-இன்' பண்ணலாம், அதாவது இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று பதியலாம் என்று திறந்துவிட்டார்கள். 2011 ஜூனில் அவர்களிடம் ஒரு கோடிப் பேர்.

எனக்கு அந்தக் கதையைவிட அதற்கு முந்தைய கதைதான் பிடித்தது. கிரௌலி அதற்கு முன்னால் 'டாட்ஜ்பால்' என்று ஒன்று நடத்திவந்தார். நீங்கள் இருக்கும் இடத்தை ஒரு எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும், உங்கள் கூட்டாளிகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு விலை உயர்ந்த போன் வேண்டியதில்லை. 2005-இல் கூகுள் அதை வாங்கி, 2009-இல் மூடிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களின் கையில் இருந்த போன்களைப் பார்த்தவனுக்கு, ஐபோன் கதையை நம்பி இறங்குவதைவிட அந்த எஸ்எம்எஸ் கதையைப் பிடித்துக்கொள்வதுதான் புத்தியாகப் பட்டது.

அந்தப் போன்களை நான் பார்த்தது கணியம்பாடி கூட்ரோட்டில். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். இந்த வட்டாரத்தில் ஒரு ஊர் விடாமல் கம்பெனி பஸ் போகிறது. தையல் பிரிவில் ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைப்பவர்களும், பசை தடவுபவர்களும், செக்கிங்கில் நிற்பவர்களும் முக்கால்வாசி பெண்கள்தான். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஐந்தரை மணிக்கே ரோட்டோரம் வந்துவிடுவார்கள். பஸ் முன்னே பின்னே வந்தால் யாருக்கும் தெரியாது. விட்டால் அன்றைய சம்பளம் போயிற்று. அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்தே போய்விடும். எனக்குத் தூரத்து உறவில் அக்கா முறையாகும் ஒருவர் அந்த பஸ்ஸில் போய்வந்தார். அவர் சொல்லித்தான் ஒருநாள் பஸ்ஸில் ஏறி, பள்ளிகொண்டா வரைக்கும் ஒவ்வொருவரிடமும் போனை வாங்கிப் பார்த்தேன்.

முன் சீட்டில் இருந்தவர்களிடம் டார்ச் வைத்த சின்ன நோக்கியா. அதில் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், அவ்வளவுதான். கல்யாணமாகாத பெண்களிடம் 5130 போன்ற பாட்டுப் போன்கள். அவற்றில் ஜாவா ஆப்கள் ஓடும். இரண்டு மூன்று பேரிடம் 5233. தொடுதிரை, சிம்பியன் வகை. ஏழெட்டுப் பேரிடம் சைனா செட். ஸ்பீக்கர் சத்தம் பஸ்ஸைத் தூக்கும், ஜாவா இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். கொஞ்ச நாள் கழித்து சாம்சங் கேலக்ஸி ஒய் வந்து சேர்ந்தது, ஆண்ட்ராய்டு. ஒரே பஸ், ஐந்து வகை போன். அதற்கப்புறம் நான் யோசித்ததெல்லாம் இந்த பஸ்ஸை வைத்துத்தான்.

சென்னை ஆபீஸ் யோசித்தது வேறு மாதிரி. அங்கே வாரக் கூட்டத்தில் போன் வகைகள்தான் வரிசையாக வரும். இந்த மாசம் பிளாக்பெர்ரி, அடுத்த மாசம் ஆண்ட்ராய்டு, அதற்கடுத்து ஐபோன். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று ஒரு வரைபடம். நோக்கியாவின் ஓவி ஸ்டோரில் ஜாவா பதிப்பைப் போட்டதும் கோடு செங்குத்தாக ஏறியது. இறக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்தார்கள். அதில் ஒருவர் ஆப்பைத் திறக்கிறார், அவரைச் சுற்றி நூறு மைலுக்கு வேறு ஆளே இல்லை. மூடிவிட்டுப் போகிறார், திரும்பி வருவதே இல்லை. இட்லி மாவு உப்புவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, இட்லி வேகவே இல்லை என்பதைக் கவனிக்காமல் விட்ட மாதிரி ஆயிற்று. வேறு ஆப் என்றால் ஆள் எங்கே இருந்தாலும் ஆள்தான். இடத்தை வைத்து நடக்கும் ஆப்பில் கணியம்பாடிக்காரருக்கு ஜகார்த்தாக்காரரால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. பக்கத்து ஸ்டாப்பில் நிற்கும் பெண்ணின் போனில் அது ஓடாவிட்டால், ஊருக்குள் அதை யாரும் வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை.

ஜாவா போனில் ஆப் ஓடவைப்பது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சான்றிதழ் பதிக்காத ஆப்பாக இருந்தால், நெட்டைத் தொடும்போதெல்லாம் போன் அனுமதி கேட்கும். ஆங்கிலத்தில் கேட்கும். காசு போய்விடும் என்று பயந்து 'நோ' அழுத்திவிடுவார்கள். சான்றிதழ் வாங்கிப் பதித்தால், அதைச் சரிபார்க்க வேண்டிய மூலச் சான்றிதழ் சில போன்களில் இருக்காது. திரை ஒன்றில் 128-க்கு 160 புள்ளி, இன்னொன்றில் 240-க்கு 320. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, தமிழ்தான் பெரிய பாடு. அந்தப் போன்களில் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் விழும். அந்தக் காலத்தில் ஓபரா மினியில் ஒரு வித்தை இருந்தது. அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஒன்றை மாற்றிவிட்டால், தமிழ் எழுத்துகளை சர்வரிலேயே படமாக்கி அனுப்பிவிடும். தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் போனில் முதல்முதலாகத் தமிழ் படித்தது அப்படித்தான். எங்கள் ஆபீஸில் ஒரு பையன் அதையே பின்பற்றி, எழுத்துகளைச் சின்னச் சின்னப் படங்களாக வெட்டி ஆப்புக்குள் வைத்தான். 'கொ'வும் 'கௌ'வும் சரியாக விழுவதற்கு அவன் பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பதிப்பை கணியம்பாடியில் காட்டியபோது எங்கள் அக்கா கை நீட்டி போனை வாங்கி, "இதான்டா படிக்க முடியுது" என்றார். அதன்பிறகு தமிழ் வேண்டுமா என்ற பேச்சை ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை.

அடுத்தது, போனுக்குத் தான் இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்பது. ஜிபிஎஸ் அந்த பஸ்ஸில் ஒரு போனிலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இருந்த ஒன்றிரண்டிலும், துணைத் தகவல் எதுவும் கிடைக்காத நிலையில், செயற்கைக்கோளின் இருப்பிட விவரத்தை வாங்கவே அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும், வானம் திறந்திருந்தால். ஆகவே டவர்தான் கதி. ஒவ்வொரு டவருக்கும் ஓர் எண் உண்டு. போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அதை வைத்து ஊரைச் சொல்லிவிடலாம். கூகுள் மேப்ஸ் 2007 நவம்பரிலேயே இந்த வழியைக் கொண்டுவந்துவிட்டது. எங்களுக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்று நானும் பஸ்ஸில் போய்க்கொண்டே டவர் எண்களைக் குறித்தேன். ஏர்டெல், ஏர்செல், பிஎஸ்என்எல், வோடபோன் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி எண்.

இந்த விஷயத்தில் ஜனங்கள் எங்களுக்கு முன்னாலேயே ஒரு படி போயிருந்தார்கள். பழைய நோக்கியாவில் 'செல் இன்ஃபோ' என்று ஒன்று உண்டு. 50-ஆம் சேனலைப் போட்டுவிட்டால், டவர் இருக்கும் பகுதியின் பெயர் திரையிலேயே வரும். ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தூங்கி எழுந்தவர் வெளியே பார்க்கமாட்டார், போனைப் பார்ப்பார். 'மாதனூர்' என்று இருந்தால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம். அதை வைத்துக்கொண்டுதான் நான் பெரியவர்களுக்கு ஆப்பை விளக்கினேன். "போன்ல ஊர் பேர் வருதே, அந்த ஊர்ல இருக்கிறவங்க என்னா சொல்றாங்கன்னும் இதுல வரும்" என்றால் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

அமிர்தியில் மட்டும் இந்த டவர் கணக்கு நடக்கவில்லை. ஊர் வேலூருக்குத் தெற்கே 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை இறங்கி வரும் இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு. 1967-இல் தொடங்கிய சிறிய மிருகக்காட்சிசாலை, நாகநதி, மேலே ஏறினால் அருவி. மலை சுற்றி நிற்பதால் பக்கத்து டவர் எட்டாது. எங்கோ தூரத்தில் உயரத்தில் இருக்கும் டவரின் சிக்னல் ஒரு மேட்டில் மட்டும் வந்து விழும். ஜிஎஸ்எம் டவர் 35 கிலோமீட்டர் வரைக்கும் பேசும். ஆகவே மிருகக்காட்சிசாலை வாசலில் நிற்பவரை ஆப் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏதோ ஒரு ஊரில் கொண்டுபோய் வைத்துவிடும். எங்கள் பட்டியலில் அமிர்தி என்ற ஊரே இல்லை. அதற்காக ஆபீஸில் பேசி, டவர் சொல்வதை மீறி ஆளே தன் ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் செய்யவைத்தேன். கிராமத்து ஆட்களுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. வேலைக்கு ஆம்பூர் போயிருந்தாலும் சேதி வேண்டியது சொந்த ஊரிலிருந்துதானே.

2012 காணும் பொங்கலன்று அமிர்தியில்தான் கடை விரித்தோம். அன்றைக்கு வேலூர் சுற்றுவட்டாரமே கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு அங்கே வந்துவிடும். ஆற்றங்கரைப் பாறைகளில் இடம் பிடிக்கக் காலையிலேயே சண்டை. அவ்வளவு கூட்டத்திலும் ஒருவருக்கும் சிக்னல் கிடையாது. எங்களோடு சென்னையிலிருந்து வந்திருந்தவர் இங்கே என்ன பண்ணுவது என்று கையைப் பிசைந்தார். ஆனால் பையன்கள் ஏற்கெனவே ப்ளூடூத்தைப் போட்டுவிட்டுப் பாட்டும் படமும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆப்பின் ஜாவா கோப்பு ஒரு பாட்டைவிடச் சின்னது. நான் இரண்டு பையன்களுக்கு அனுப்பினேன். அவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் பஸ் ஏறும்போது யாரோ ஒருவர் என் போனுக்கே அதை அனுப்பினார். பள்ளத்தாக்கைத் தாண்டி சிக்னல் வந்ததும் ஒவ்வொருவராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். எந்த ஸ்டோரும் இல்லாமல், ஒரு பைசா விளம்பரம் இல்லாமல், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே நாளில் உள்ளே வந்தார்கள். ஒரு வட்டாரத்துக்கான ஆப் பரவ வேண்டிய முறை அதுதான் என்று இன்றும் சொல்வேன். பத்து மீட்டருக்குள் இருப்பவருக்குத்தான் ப்ளூடூத் போகும். பத்து மீட்டருக்குள் இருப்பவர்தான் இந்த ஆப்புக்கு வேண்டிய ஆள்.

ஆம்பூரில் அந்த வேலையை மெமரி கார்டு கடைகள் செய்தன. பஜாரில் ஒரு பாய் கடை. ஞாயிற்றுக்கிழமை சம்பளப் பணத்தோடு வருகிறவர்கள் ஒரு ஜிபி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொள்வார்கள். "தம்பி, பாட்டு கேட்டுத்தான் வர்றாங்க, இதை யாரு கேட்டா?" என்றார் பாய். மாசக்கணக்கில் போய் உட்கார்ந்த பிறகு அவரே ஒவ்வொரு கார்டிலும் அதையும் போட்டுக் கொடுத்தார். ஆம்பூர் பக்கத்துப் போன் வகைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கடையில் தெரிந்துகொண்டது. எந்த சைனா செட்டில் எந்தப் பதிப்பு தொங்கிப்போகும் என்று அவர் ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தார்.

இனி, ஜனங்கள் அதில் என்ன எழுதினார்கள் என்பது. ஆபீஸின் எண்ணம், 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்று எழுதுவார்கள் என்பது. ஃபோர்ஸ்கொயரில் ஒரு கடையில் அடிக்கடி செக்-இன் பண்ணுகிறவருக்கு 'மேயர்' பட்டம் கிடைத்துவந்தது. இங்கே எந்தப் பெண்ணும் தான் இருக்கும் இடத்தைச் சொல்லத் தயாராக இல்லை. எங்கள் அக்கா முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நான் எங்க கீறேன்னு எவன் கிட்டயோ இன்னாத்துக்குச் சொல்லணும்? பஸ் எங்க கீதுன்னு சொல்லு, அது போதும்." அந்த ஒரு பேச்சை நான் சென்னையில் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறேன். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம், போன் நம்பர் யாருக்கும் தெரியக் கூடாது. ஸ்டாப் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று ஆப்புக்குள் அந்த பஸ்ஸுக்காகத் தனியாக ஒரு அறை திறந்தோம். முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவர் 'ஏறியாச்சு' என்று போடுவார். அடுத்தடுத்த ஸ்டாப்பில் இருப்பவர்கள் அதைப் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். இருட்டில் ரோட்டோரம் நிற்கும் நேரம் குறைந்தது. டார்ச் போன் வைத்திருப்பவர்களுக்கு அதே சேதி எஸ்எம்எஸ்ஸாகப் போகும். அந்தச் சமயம் பார்த்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டுப்பாடு வந்திருந்தது: 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான். நவம்பரில் அதை 200 ஆக்கினார்கள். விளம்பர எஸ்எம்எஸ் தொல்லையைத் தடுக்க வந்த விதி அது, தேவையும்கூட. நாங்கள் ஊருக்கு ஒரு சிம் என்று பிரித்து வைத்துச் சமாளித்தோம்.

அந்த பஸ்ஸில் ஐந்து வகைப் போனும் உள்ளே வந்த பிறகுதான் அந்த அறைக்கு உயிர் வந்தது. ஒரு வகை விடுபட்டால்கூட, அந்த வகைப் போன் வைத்திருக்கும் பெண் நிற்கும் ஸ்டாப்பில் சங்கிலி அறுந்துபோகும்.

2012-இல் மின்வெட்டு. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால், எங்கள் பக்கம் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. அந்தக் கோடையில் ஆப்பில் மற்ற எதையும்விட அதிகம் எழுதப்பட்டது 'இங்க கரண்ட் போச்சு', 'எங்களுக்கு வந்துடுச்சு' என்பதுதான். குடியாத்தம் பக்கம் கரண்ட் போனால் அடுத்தது யாருக்குப் போகும் என்று ஜனங்களே கணக்குப் போட்டார்கள். மாவு அரைக்கவும் மோட்டார் போடவும் அதை நம்பி நேரம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும் என்ற சேதிகளும் நிறைய வந்தன. வேலூரில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்தால் அரை மணியில் ஆள் வந்து நின்றுவிடும். அதற்கெல்லாம் ஆயிரக்கணக்கான பேர் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருக்கும் நாற்பது பேர் போதும்.

ஆனால் சென்னையில் வரைபடம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 2011 பிப்ரவரியிலேயே நோக்கியா தன் ஸ்மார்ட்போன்களுக்கு விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் சிம்பியனுக்கு வயசு குறிக்கப்பட்டுவிட்டது. ஆண்ட்ராய்டு வேகமாக ஏறியது. 2013-இல் ஜாவா, சிம்பியன் பதிப்புகளையும் எஸ்எம்எஸ்ஸையும் நிறுத்திவிட்டு ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டை மட்டும் வைத்துக்கொள்வது என்று கம்பெனி முடிவெடுத்தது. பணம் போட்டவர்கள் பார்வையில் அதில் நியாயம் இருந்திருக்கலாம். பஸ்ஸில் அன்றைக்கு ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்கள் நான்கைந்து பேர். அறை இரண்டு வாரத்தில் காலியாகிவிட்டது. மறுவருஷம் கம்பெனியும் இல்லை. எனக்கு அது பெரிய வேதனை. இப்போதும் அந்த முடிவை ஏற்றுக்கொள்ள என் மனம் இடம் கொடுப்பதில்லை.

பெரிய ஆப்களும் நிலைக்கவில்லை. இன்னொரு செக்-இன் ஆப்பான 'கோவாலா', அதன் ஆட்களை ஃபேஸ்புக் எடுத்துக்கொண்ட பிறகு, 2012-இல் மூடப்பட்டது. லாட்டிட்யூட் 2013 ஆகஸ்டில் போனது. ஃபோர்ஸ்கொயர் 2014-இல் செக்-இன்னைப் பிரித்து 'ஸ்வார்ம்' என்று தனி ஆப் ஆக்கியது. அந்த வருஷம் நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த எங்கள் பக்கத்துப் பெண்களில் சிலர் திரும்பி வந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள்.

எல்லாப் போனுக்கும் போனது வாட்ஸ்அப்தான். ஐபோன், ஆண்ட்ராய்டு, பிளாக்பெர்ரி, சிம்பியன் எல்லாவற்றிலும் இருந்ததோடு, ஜாவா வகை நோக்கியாவையும் அவர்கள் விடவில்லை. 2018-இல் ஜியோபோனுக்கும் போனார்கள். அன்றைக்கு அதில் யூசர் நேம், பாஸ்வேர்டு எதுவும் இல்லை, போன் நம்பரே அடையாளமாக இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா செலவைப் பற்றிய பயமும் போயிற்று. வட்டாரச் செய்திக்கென்று 2018-இல் ஜானி பாஷாவும் விபுல் சௌத்ரியும் தொடங்கிய 'லோக்கல்' தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது. இன்ஷார்ட்ஸ் கம்பெனி 2019-இல் 'பப்ளிக்' ஆப்பைக் கொண்டுவந்தது. இரண்டையும் நான் போனில் வைத்துப் பார்த்தேன். ஊர்ச் செய்தி, வேலை விவரம் என்று உபயோகமானவை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனபோது, இந்த மாதிரி ஆப்களை நடத்துகிறவர்கள் ஊர்ப் பட்டியலை மாற்ற வேண்டியிருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். மாவட்டம் எதுவாக இருந்தாலும் கம்பெனி பஸ் அதே ஸ்டாப்புகளில்தான் நிற்கிறது.

அந்த பஸ்ஸுக்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அக்காவின் மகள் அதே கம்பெனியில் சேர்ந்து, குரூப்பை நடத்துகிறாள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெரிய வெள்ளம் வந்து, நாகநதியிலும் தண்ணீர் புரண்டபோது, எந்தத் தரைப்பாலம் மூழ்கியது, பஸ் எந்தப் பக்கம் சுற்றிப் போகிறது என்பதெல்லாம் அதில் உடனுக்குடன் வந்தது. ஆனால் அந்தக் குரூப்பில் சேரும் ஒவ்வொரு பெண்ணின் நம்பரும் எல்லோருக்கும் தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு ராத்திரியில் போன் பண்ணித் தொந்தரவு செய்தவனால் இரண்டு பெண்கள் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். அவர்கள் இப்போதும் இருட்டில், பஸ் எங்கே வருகிறது என்று தெரியாமல் நிற்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்து அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவளுக்கு அப்படி ஒரு குரூப் இருப்பதே தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களைத் தானாகச் சேர்த்துவைத்து, யார் நம்பரையும் காட்டாமல், கையில் இருக்கும் எந்தப் போனிலும் ஓடக்கூடிய ஒன்று அவர்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது. அக்காவின் மகளும் நானும் இப்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை சென்னையில் தொடங்கப்போவதில்லை. முதல் ஸ்டாப், கணியம்பாடி கூட்ரோடு.